மாற்றி ஒட்டிய திகதி

சுஜீதனுக்கு ஆட்டிறைச்சி வெட்டத் தெரியாது. ஒன்பது வருடம் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவனைப் பற்றி இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அவன் ஒருநாளும் கத்தி பிடித்ததில்லை. வெட்டி, பொதி செய்து, பெட்டியில் அடைத்த பிறகுதான் இறைச்சி அவனிடம் வரும். பெட்டியின் பக்கத்தில் அவன் ஒரு லேபிள் ஒட்டுவான். என்ன இறைச்சி, எத்தனை கிலோ, என்று பொதி செய்தது, எந்த நாட்டுக்குப் போகிறது, தொழிற்சாலையின் பதிவு எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒட்டிய பெட்டி ஃபிரீசர் அறைக்குப் போகும். அங்கிருந்து துறைமுகத்துக்கு.

2012இல் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவன் அவன். கிறிஸ்மஸ் தீவு முகாமில் சில மாதம், டார்வினில் சில மாதம், பிறகு ஒரு தற்காலிக விசாவோடு சிட்னி. அந்தத் தற்காலிகத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்தே இருபத்தெட்டு வயதில் வந்தவனுக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது. வேலை செய்யலாம், வரி கட்டலாம். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. மெரிலேண்ட்ஸில் இரண்டு அறை வீடொன்றில் பிரசன்னா என்ற மட்டக்களப்புக்காரனோடு இருந்தான். பிரசன்னாவும் அதே தொழிற்சாலையில் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். விடியற்காலையில் ஒரே காரில், பென்ரித்தைத் தாண்டி இருபது நிமிடம் போவார்கள்.

அந்த வேலையைக் கொடுத்தவர் ஜெகதீஷ். கோயம்புத்தூர்க்காரர், ஏற்றுமதிப் பத்திரங்களுக்குப் பொறுப்பான மனேஜர். விசாவைப் பார்த்ததும் மற்ற இடங்களில் "பிறகு கூப்பிடுகிறோம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஜெகதீஷ் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வேலை செய்யலாம்னு போட்டிருக்குல்ல? அப்புறம் என்ன, திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சுஜீதன் அவரை "அண்ணை" என்று கூப்பிடத் தொடங்கினான். அவருடைய மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு தடவை போயிருக்கிறான்.

ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரித்தானியா வெளியேறியது அவனுடைய மேசைக்கு ஒரு லேபிள் சுருளாகத்தான் வந்து சேர்ந்தது. முன்பு அந்தப் பக்கத்துக்கெல்லாம் ஒரே சுருள் போதும். இப்போது ஐரோப்பாவுக்கு ஒன்று, பிரித்தானியாவுக்கு ஒன்று. அவுஸ்திரேலியாவும் பிரித்தானியாவும் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் 2023இல் நடைமுறைக்கு வந்ததும் ஆர்டர்கள் கூடி, அந்த இரண்டாவது சுருள் கெதியில் முடிய ஆரம்பித்தது. ஜெகதீஷ் கேக் வாங்கிவந்து சாப்பாட்டு அறையில் வெட்டினார். சனிக்கிழமையும் வேலை வந்தது.

சுஜீதனுக்கு லண்டனில் ஓர் அக்கா இருந்தாள், யோகராணி. கூடப்பிறந்த ஐந்து பேரில் மிஞ்சியது இவர்கள் இருவரும்தான். அவள் ஹறோவில் ஓர் ஆரம்பப் பாடசாலைக் குசினியில் உதவிச் சமையல்காரி. கணவருக்குக் கிழமையில் மூன்று நாள் டயாலிசிஸ் என்பதால் அவளால் சிட்னிக்கு வர முடியவில்லை. இவனால் போக முடியாது. அவள் ஊரைவிட்டுப் போனதிலிருந்து, பதினேழு வருடமாக இருவரும் கைத்தொலைபேசியில்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள்.

"தம்பி, உங்கட இறைச்சியைப் பற்றித்தான் இஞ்ச டிவியில ஒரே கதை" என்றாள் அவள் ஒருநாள். "ஐரோப்பாவோட இருக்கேக்க ஹோர்மோன் ஊசி போட்ட இறைச்சி வராமல் ஒரு சட்டம் இருந்ததாம். இப்ப இவங்கள் தனிய ஒப்பந்தம் போட்டு, மலிவா எதையும் இறக்குவினமாம். கடையில எண்டால் லேபிளைப் பாத்து வேண்டாம் எண்டு விடலாம், பள்ளிக்கூடச் சாப்பாட்டில என்னத்தைப் பாக்கிறது எண்டு தாய்மார் கேக்கினம். நான் என்ன சொல்லுறது?"

"ஹோர்மோன் குத்திறது மாட்டுக்கு அக்கா, அதுவும் எல்லாரும் இல்லை. அந்த மாடு உங்கட பக்கம் வராது. எங்கட இடத்தில ஆடு மட்டும்தான். எல்லாம் ஒழுங்காத்தான் நடக்குது. நானே பாக்கிறன்தானே."

"நீ பாத்து அனுப்பிறாய் எண்டால் எனக்குப் பயமில்லை" என்றாள்.

அந்தப் பாடசாலைக்கு உணவுப்பொருள் கொடுக்கும் கொம்பனி சில மாதங்களில் உண்மையிலேயே அவுஸ்திரேலிய ஆட்டிறைச்சிக்கு மாறியது. யோகராணி ஒரு பெட்டியின் படத்தை அனுப்பினாள். "இது உன்ர நம்பரோ?" பதிவு எண்ணைப் பார்த்த சுஜீதன் சாப்பாட்டு அறையில் எழுந்து நின்று பிரசன்னாவிடம் காட்டினான். தன் கையால் ஒட்டிய பெட்டி அக்காவின் குசினி மேசையில் இருந்தது. அதன் பிறகு மாதத்தில் இரண்டு மூன்று படமாவது வரும். பெட்டிக்குப் பக்கத்தில் தொப்பி போட்டபடி அவள் சிரித்துக்கொண்டு நிற்பாள்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மேற்கு சிட்னியில் வெயில் நாற்பத்துநான்கு பாகையைத் தொட்டது. வெயிலுக்காகச் சனிக்கிழமை வேலையை நிறுத்தியிருந்ததால் தொழிற்சாலையில் அன்று யாருமில்லை. இரண்டாம் ஃபிரீசர் அறையின் இயந்திரம் மத்தியானம் நின்றுவிட்டது. எச்சரிக்கை போக வேண்டிய கைத்தொலைபேசி யாரோ ஒருவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது.

ஞாயிறு காலை ஜெகதீஷ் அழைத்தார். "சுஜீ, பிரசன்னாவையும் கூட்டிட்டு வர முடியுமா? ஒரு சின்ன வேலை."

அவர்கள் போனபோது இயந்திரம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அறையின் நிலத்தில் வெளிர்சிவப்பாகத் தண்ணீர் நின்றது. பெட்டிகளின் மூலைகள் நனைந்து மடங்கியிருந்தன. சுஜீதன் ஒரு பெட்டியை விரலால் அழுத்தினான். கல்லாக இருக்க வேண்டிய இறைச்சி உள்ளே அமுங்கியது.

"இதெல்லாம் எறியவேணும் அண்ணை" என்றான்.

"எவ்வளவுன்னு தெரியுமா? அறுநூத்தி நாப்பது பெட்டி. எல்லாம் லண்டன் ஆர்டர். வியாழக்கிழமை கப்பல்." ஜெகதீஷின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நாளைக்குள்ள மறுபடி கல்லாயிடும். சமைச்சா ஒண்ணும் ஆகாது. ஐரோப்பாவுக்குப் போற சரக்கா இருந்தா நானே எறியச் சொல்லியிருப்பேன், அங்க பெட்டிபெட்டியாக் குடைவான். இவங்க இப்பத் தனியா நிக்கிறாங்க, புதுசா டீல் போட்டிருக்காங்க. நம்ம சரக்கு அவங்களுக்கு வேணும். ரொம்ப நோண்ட மாட்டாங்க."

"திகதி?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பழைய தேதி இருந்தா, ரூம் நின்னப்ப உள்ள இருந்த சரக்குன்னு தெரிஞ்சிடும். நாளைத் தேதி போட்டுப் புது லேபிள் அடிச்சிடுங்க. பெட்டியையும் மாத்திடலாம்."

ஜெகதீஷ் அவன் தோளில் கை வைத்தார்.

"நிரந்தர விசா கேஸுக்குக் கம்பெனி லெட்டர் கேட்டீங்கல்ல? டைப் பண்ணி வெச்சிருக்கேன். நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். நான் மிரட்டல சுஜீ. ரெண்டும் வேற வேற விஷயம். இந்தச் சரக்கு போகலைன்னா எனக்கும் வேலை இருக்காது, உங்களுக்கும் இருக்காது. அதைத்தான் சொல்றேன்."

சுஜீதன் கணினிக்குப் போய்த் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் தட்டினான். வேறு யாருக்கும் லேபிள் அடிக்கும் அனுமதி இல்லை. ஒட்டும்போது அவனுக்கு அக்காவின் குசினி ஞாபகம் வராமல் இல்லை. லண்டன் பெரிய ஊர், எங்கெங்கோ போகும் என்று நினைத்துக்கொண்டான். மாலை ஐந்து மணிவரை ஒட்டினான். ஜெகதீஷும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுப் பெட்டி மடித்தார். மத்தியானம் அவரே காரில் போய் மூன்று பேருக்கும் ஹரிஸ் பார்க் கடையொன்றிலிருந்து பிரியாணி வாங்கி வந்தார். பிரசன்னா ஃபோர்க்லிஃப்டில் போவதும் வருவதுமாக இருந்தான். இறங்கி வந்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை கடிதம் கிடைத்தது. நேர்மையானவர், நம்பிக்கைக்குரியவர், எங்கள் நிறுவனத்துக்குத் தவிர்க்க முடியாதவர் என்று அதில் இருந்தது. சுஜீதன் அதைத் தன் வழக்கறிஞர் சயந்தினிக்கு அனுப்பினான். அவர் மகிழ்ச்சியோடு பதில் எழுதினார்.

நான்கு மாதம் போனது. மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை, வேலை முடிந்து காரில் வந்துகொண்டிருந்தபோது அக்காவின் படம் வந்தது. லண்டனில் அப்போது காலை. பெட்டி திறந்திருந்தது. வெளியே சுஜீதன் ஒட்டிய லேபிள். அந்தத் திங்கட்கிழமைத் திகதி. உள்ளே பொலித்தீனுக்கு அடியில், பெட்டியின் மூலையை நிரப்பிக்கொண்டு, கட்டியாய்ச் சிவப்புப் பனி. இறைச்சி ஒருதரம் உருகி, வடிந்த நீர் மறுபடி உறைந்தால்தான் அப்படி வரும். படத்துக்குக் கீழே யோகராணி எழுதியிருந்தாள்: "இண்டைக்கு உன்ர ஆட்டில ஸ்டூ. 240 பிள்ளையள்."

"காரை நிப்பாட்டு" என்றான் சுஜீதன். பிரசன்னா ஓரமாக நிறுத்தினான்.

அக்கா உடனே எடுத்தாள். பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தப் பெட்டியைச் சமைக்காதேங்கோ."

"ஏன்? அடுப்பில ஏத்தப் போறம்."

"ஏத்தாதேங்கோ. அது ஒருக்கா உருகினது. ஃபிரீசர் நிண்டு ஒரு இரவு முழுக்க வெக்கையில கிடந்தது. திகதி பொய்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தான் ஒட்டினனான்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "எத்தினை பெட்டி?"

"அறுநூற்று நாப்பது."

"போன கிழமையும் இதே திகதியில ரெண்டு பெட்டி வந்தது, தம்பி. நான்தான் சமைச்சனான். பிள்ளையள் சாப்பிட்டிட்டுதுகள்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அன்று அந்தப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் பீன்ஸும் கொடுத்தார்கள். யோகராணி தலைமைச் சமையல்காரியிடம் சொல்ல, அவர் அதிபரிடம் சொல்ல, நகரசபை அதிகாரிகள் வந்து பெட்டிகளை எடுத்துப்போனார்கள். ஒரு கிழமைக்குள் அந்தத் திகதி போட்ட பெட்டிகளையெல்லாம் பல பாடசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்து திருப்பி எடுத்தார்கள். முக்கால்வாசி ஏற்கனவே சாப்பிட்டு முடிந்திருந்தது. யாருக்கும் ஏதும் நடந்ததாகத் தகவல் இல்லை.

சிட்னியில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் தலைமையகத்திலிருந்து வந்த இருவர், அவர்களோடு ஜெகதீஷ். மறுபக்கம் ஒரு கதிரை, அதில் சுஜீதன். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. அறுநூற்று நாற்பது லேபிளும் யாருடைய கடவுச்சொல்லில் அடிக்கப்பட்டது என்று கணினித் தாளைக் காட்டினார்கள். அவன் ஒத்துக்கொண்டான். அடிக்கச் சொன்னது ஜெகதீஷ் என்றும் சொன்னான்.

"அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை. நேரில் சொன்னார்."

அவர்கள் ஜெகதீஷைப் பார்த்தார்கள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை இயந்திரம் திருத்துவதை மேற்பார்க்கவே வந்ததாகவும், நனைந்த பெட்டிகளை எறியும்படிதான் சொன்னதாகவும் சொன்னார். "அவருக்கு அந்தச் சமயம் விசா விஷயமாக நிறைய மனஅழுத்தம் இருந்தது" என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். உதவி செய்வது போலத்தான் சொன்னார்.

பிறகு பிரசன்னாவைக் கூப்பிட்டார்கள். அவன் ஃபோர்க்லிஃப்ட் மட்டும் ஓட்டியதாகவும், யார் என்ன சொன்னார்கள் என்று இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்றும் சொல்லிவிட்டு வந்தான்.

வீட்டில் சுஜீதன் அவனிடம் கோபமாகக் கேட்கவில்லை. பிரசன்னாவாகவே சமையல் மேடைக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். "எனக்கும் அதே விசாதானே அண்ணை. ரெண்டு பேரும் போய் என்னத்துக்கு?"

"ஓம்" என்றான் சுஜீதன். பிரசன்னாவின் இடத்தில் இருந்திருந்தால் தானும் அதையேதான் செய்திருப்பான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கூடுதலாக வலித்தது. அடுத்த மாதம் பிரசன்னா வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான்.

வேலை அன்றைக்கே போய்விட்டது. இரண்டு கிழமை கழித்து, முன்பு கொடுத்த நற்சான்றுக் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாகக் கொம்பனி சயந்தினிக்கு எழுதியது. அதில் ஜெகதீஷின் கையெழுத்தே இருந்தது.

"இதை நான் மறைக்க ஏலாது அண்ணா" என்றார் சயந்தினி. "கடிதத்தை நாங்கள் குடுத்தனாங்கள், இனி அதை வாபஸ் வாங்கினதையும் குடுக்கத்தான் வேணும். பொய்ப் பத்திரம் எண்டால் அவங்கள் நடத்தை சரியில்லை எண்டு எடுப்பாங்கள்."

"உண்மையைச் சொன்னதும் நான்தானே. நான் சொல்லாட்டி ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"அதையும் எழுதுறன். ஆனா நீங்கள் சொன்னது நாலு மாதம் கழிச்சு. அக்காவின்ர குசினிக்கு வந்த பிறகு. அதைத்தான் கேப்பாங்கள்."

ஓகஸ்டில் இறைச்சியின் பரிசோதனை முடிவு வந்தது. எடுத்த மாதிரிகளில் கிருமி எதுவும் அனுமதித்த அளவுக்கு மேல் இல்லை. லண்டன் கொம்பனி கொஞ்சநாள் நிறுத்தி வைத்திருந்த ஆர்டரை மறுபடி கொடுத்தது. தொழிற்சாலையில் இப்போது லேபிள் மாற்ற இரண்டு பேரின் அனுமதி வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஜெகதீஷ்.

அந்த ஒரு பாடசாலையில் மட்டும் அவுஸ்திரேலிய இறைச்சி நின்றுவிட்டது. பெற்றோர்கள் வாசலில் மேசை போட்டு, புதிய ஒப்பந்தங்களில் வரும் இறைச்சியைப் பிள்ளைகளின் தட்டில் போட வேண்டாம் என்று கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் கொடுத்த துண்டுப்பிரசுரத்தில் சிட்னிச் சம்பவமும் இருந்தது. 'ஒரு தொழிலாளி இலாபத்துக்காகத் திகதியை மாற்றியிருக்கிறார். இப்படிப்பட்டவர்களின் கைகளிலிருந்துதான் நம் பிள்ளைகளின் உணவு வருகிறது.' யோகராணி அதைப் படமெடுத்து அனுப்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வாசித்துக் காட்டினாள்.

"இலாபத்துக்கோ?" என்றான் சுஜீதன். "எனக்கு என்ன இலாபம் அக்கா?"

"எனக்குத் தெரியும். அவைக்குத் தெரியாதுதானே."

"நீங்கள் சொல்லேல்லையோ? உங்களுக்குச் சொன்னது ஆர் எண்டு? உங்கட தம்பி எண்டு?"

"இல்லை. சொன்னால் என்ர வேலையும் போயிடும். அங்கயிருந்து ஆரோ போன் பண்ணினது எண்டுதான் எல்லாரும் நினைச்சிருக்கினம்."

அவள் துண்டுப்பிரசுரத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒண்டு கேக்கிறன், உண்மையைச் சொல்லு. அந்தப் படத்தை நான் அனுப்பியிருக்காட்டி நீ சொல்லியிருப்பியோ? அது வேற ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால்?"

சுஜீதன் பொய் சொல்லலாம் என்று முதலில் நினைத்தான். "தெரியேல்ல அக்கா" என்றான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "அந்த ரெண்டு பெட்டியையும் நான் கையால பிசைஞ்சு, உப்புப் பாத்து, கரண்டியால அள்ளிக் குடுத்தனான். என்ர தம்பி பாத்து அனுப்பினது எண்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிக் குடுத்தனான்." குரல் உயரவில்லை. "வாசலில மேசை போட்டிருந்ததெல்லே. நானும் கையெழுத்து வைச்சனான்."

"சரி அக்கா" என்றான் சுஜீதன்.

அவன் இப்போது பிளெமிங்டன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குகிறான். கிழமைக்கு நாலு நாள், சரக்கு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை. விசா விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வந்தால் என்ன வரும் என்பதைச் சயந்தினி சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை. யோகராணி மாதத்துக்கு ஒருதரம் அழைக்கிறாள். அத்தானின் சிறுநீரகத்தைப் பற்றியும் அங்கே பெய்யும் மழையைப் பற்றியும் கதைப்பார்கள். பாடசாலையில் இன்று என்ன சமையல் என்று அவன் கேட்பதில்லை.